நாமன்னு பாட வேண்டிய இடம்

1

இந்தக் கதை ஒரு முட்டைக் கூடையிலிருந்து பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் மழை பெய்த ஒரு மாலையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன், எங்கிருந்தோ ஒரு ராகம் மிதந்து வந்தது என்றெல்லாம் பேட்டிகளில் அளக்க ஆரம்பித்துவிடுவேன். (பேட்டி எடுக்க இதுவரை ஒருவரும் வரவில்லை. வந்தால் சொல்வதற்கு வைத்திருக்கிறேன்.)

முட்டை வாங்கிக்கொண்டு எங்கள் குடியிருப்பின் லிஃப்டில் ஏறினேன். இரண்டு மாடிகளுக்கு நடுவே அது நின்றுவிட்டது. விளக்கும் போயிற்று. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஓடியிருந்தாலும் அந்தப் பெட்டிக்குள் எங்கே போய் ஓடுவது? கதவைத் தட்டினேன், கத்தினேன், குலதெய்வத்தை அழைத்தேன், குடியிருப்புச் சங்கச் செயலாளரைத் திட்டினேன். திட்டிக்கொண்டிருக்கும்போதே வெளியிலிருந்து ஓர் இளைஞனின் குரல் கேட்டது.

"அம்மா, பயப்படாதீங்க. லிஃப்ட் கம்பெனியிலேருந்து ஆள் வந்தாச்சு. நாம இப்ப வெளிய வந்துருவோம்."

நாமவா? அவன் ஏற்கெனவே வெளியேதான் நிற்கிறான். மாட்டிக்கொண்டவள் நான் ஒருத்தி. ஆனால் அந்த ஒரு சொல்லைச் சொன்ன மாத்திரத்தில் அவனும் இருட்டுக்குள் வந்து என் பக்கத்தில் நின்றுகொண்ட மாதிரி இருந்தது. கூடையைக்கூட ஒரு பக்கம் பிடித்துக்கொண்டான் போலிருந்தது. என் நடுக்கம் நின்றுவிட்டது. கதவைத் திறந்ததும் "முட்டை உடையலையே?" என்று கேட்டான், உடையவில்லை என்றேன், அடுத்த கட்டடத்துக்குப் போய்விட்டான். பெயர்கூடக் கேட்கத் தோன்றவில்லை.

அதே வாரம் என் தம்பி போன் செய்தான். அவன் ஒரு நாடகக் குழு நடத்துகிறான். குழு அவனை நடத்துகிறது என்றும் சொல்வார்கள்.

"அக்கா, ஒரு மியூசிக்கல் காமெடி வேணும். சின்னப் பசங்க, சிட்டி, லவ்வு. சிரிச்சு வயிறு வலிக்கணும், கடைசில எல்லாரும் அழணும்."

"ஏன்டா, பாட்டுக்கும் எனக்கும் என்னடா சம்பந்தம்? நா தாலாட்டு பாடினா தூங்கற நீ முழிச்சுக்கிட்டு அழுவியாம். அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க."

"பாட்ட நாங்க பாத்துக்கறோம். நீ கதைய மட்டும் எழுது."

கவனித்தீர்களா? நாங்க. கூடப் பிறந்தவளை வாசலில் நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தினான் என் தம்பி. முன்பின் தெரியாத ஒரு பையன் என்னைத் தன்னோடு சேர்த்துக்கொண்டான், இவன் கழற்றிவிட்டான். இரண்டும் ஒரே வாரத்தில் காதில் விழுந்துவிட்டன. இந்தக் கதையில் உண்மை அவ்வளவுதான். மிச்சமெல்லாம் நான் கட்டிவிட்டது.

2

முதல் தொடக்கம்:

"நகரம் விழித்துக்கொண்டது. தெருக்கள் பாடத் தொடங்கின. பால் போடுபவர் ஒரு வரி, பேப்பர் போடுபவர் ஒரு வரி, பேருந்து நடத்துநர்"

இங்கே நிறுத்திவிட்டேன். தெருவில் போகிறவர்களெல்லாம் திடீரென்று ஒரே சுருதியில் பாட ஆரம்பித்தால் நான் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு போலீசுக்குத்தான் போன் செய்வேன்.

இரண்டாவது தொடக்கம்:

"காதல் என்பது"

என்பது என்று தொடங்கிய எந்த வாக்கியத்தையும் நான் வாழ்நாளில் உருப்படியாக முடித்ததில்லை.

மூன்றாவது தொடக்கத்துக்கு முன் கொஞ்சம் யோசித்தேன். எனக்கு அபூர்வமாகத்தான் அது நேரும். இசை நாடகத்தில் ஆட்கள் எதற்காகப் பாடுகிறார்கள்? பேச்சு போதாமல் போகும்போது பாடுகிறார்கள் என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். மேடையில் அது சரி. தாளில் ஒருவன் பாடினால் நாலு வரியைச் சாய்வெழுத்தில் அச்சடிப்பார்கள், வாசகர் அதைத் தாண்டிக் குதித்துக் கீழே போய்விடுவார். (நான் குதிப்பேன்.) அதனால் என் ஆட்களே ஓர் இசை நாடகம் போடட்டும் என்று முடிவு செய்தேன். பாடுவதற்கு ஒரு நியாயம் கிடைத்துவிடும்.

தம்பியிடம் சொன்னேன். "மியூசிக்கல் காமெடி போடறவங்களப் பத்தி ஒரு மியூசிக்கல் காமெடியா? அக்கா, ஊர்ல வேற ஆளே கெடைக்கலையா உனக்கு?" என்றான். நான் எழுத உட்கார்ந்தபோது அவன் சொன்ன எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

3

மூன்றே பேர். நாலாவது ஆளைக் கட்டி மேய்க்கும் சாமர்த்தியம் எனக்கில்லை.

லிஃப்ட்காரன்: நகரத்தில் எங்கெங்கே லிஃப்ட் நிற்கிறதோ அங்கெல்லாம் ஓடுகிறவன். உச்சி மாடி மோட்டார் அறையில் பிரேக்கைக் கையால் தளர்த்திப் பெட்டியை மெல்ல இறக்குவான், பிறகு கீழே ஓடிவந்து கதவைத் திறப்பான். இடுப்பில் எப்போதும் கதவுச் சாவி தொங்கும், பின் பாக்கெட்டில் கிரீஸ் துடைத்த துணி இருக்கும். பாட்டு எழுதுவான். குரல் மட்டும் கிடையாது. அவன் பாடினால் எண்ணெய் போடாத கதவுக்கும் அவனுக்கும் வித்தியாசம் தெரியாது.

மாஸ்டர்: லிஃப்ட்காரனின் அறைத்தோழன், குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறவன். 'தண்ணி மாஸ்டர்' என்றுதான் முதலில் எழுதினேன். பெற்றவள் படித்தால் என்ன நினைப்பாள் என்று தண்ணியை எடுத்துவிட்டேன். நாளெல்லாம் நீச்சல் குளத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கத்துகிறவன் என்பதால் ரகசியத்தையும் ஊர் கேட்கத்தான் சொல்வான். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரி, கடையில் பில் போடுகிறவள், வங்கியில் டோக்கன் தருகிறவள் என்று யாரைப் பார்த்தாலும் காதல் வந்துவிடும். அவர்களுக்குத்தான் வராது. அதற்காக அவன் வருத்தப்பட்டதாக நான் எங்கும் எழுதவில்லை.

கதாநாயகிக்கு முதலில் ஒரு பூக்கடை வைத்துக்கொடுத்தேன். இரண்டு பக்கத்துக்குள் பூவெல்லாம் வாடிவிட்டது. அப்புறம் ஓவியம் வரையச் சொன்னேன். கையில் தூரிகையை வைத்துக்கொண்டு வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. நான் சலித்துப்போய் பல் வைத்தியரிடம் போன நாளில்தான் அவள் கிடைத்தாள். அவர் அறைக்குப் பக்கத்திலேயே செயற்கைப் பல் செட் செய்யும் ஒரு பட்டறை இருந்தது. அலமாரி நிறைய யார் யாருடைய தாடைகளோ சுண்ணாம்பில் வாயைப் பிளந்துகொண்டு இருந்தன. முகமூடி போட்ட ஒரு பெண், சுற்றும் மோட்டாரில் ஒரு பல் வரிசையை வைத்து மெருகேற்றிக்கொண்டிருந்தாள். மோட்டாரின் ரீங்காரத்தைச் சுருதியாக வைத்துக்கொண்டு முகமூடிக்குள் ஏதோ மெட்டு போட்டுக்கொண்டிருந்தாள்.

"பல்லு செய்யறவளா ஹீரோயின்? யாருக்கா டிக்கெட் வாங்குவா?" என்றான் தம்பி. பல்லுக்காரி என்றே பெயர் வைத்துவிட்டேன். மற்ற இருவருக்கும் அவள் வெறும் 'பல்லு'.

அவளும் லிஃப்ட்காரனும் சந்தித்தது இப்படி. ஒரு தட்டு நிறையப் பல் செட்டுடன் அவள் லிஃப்டில் மாட்டிக்கொண்டாள். கத்தவில்லை, தட்டவில்லை. இருட்டில் நின்று முனகிக்கொண்டிருந்தாள்.

"மேடம், பயப்படாதீங்க. நாம இப்ப வெளிய வந்துருவோம்."

"நீங்க ஏற்கெனவே வெளியதானே இருக்கீங்க?"

(இது நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. எனக்கு அன்று வாய் வரவில்லை. அதனால் அவளுக்குக் கொடுத்துவிட்டேன்.)

வெளியே நின்றவனுக்கு வேலை ஓடவில்லை. இத்தனை நாளாக எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறான், ஒருவரும் இப்படித் திருப்பிக் கேட்டதில்லை. கதவைத் திறந்து அவள் முகத்தைப் பார்த்தபோது அவனுக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது. ஒளித்துவைத்துச் சொல்லும் எழுத்தாளர்களும் இருக்கிறார்கள். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. அவனுக்கு அவளைப் பிடித்துவிட்டது, அதை அவளிடம் சொல்ல வேண்டும். கதை அவ்வளவுதான்.

4

நீச்சல் குளத்துக்கு விடுமுறை நாளில் மூவரும் உடை மாற்றும் அறையில் கூடுவார்கள். டைல்ஸ் பதித்த சுவர் என்பதால் குரல் நன்றாகத் திரும்பி வரும். ஈரம் காயாத மர பெஞ்சு, சாத்தினால் சாத்திக்கொள்ளாத அலமாரிக் கதவுகள், எவ்வளவு கழுவினாலும் போகாத குளோரின் வாடை. அங்கேதான் நாடகம் தயாரானது. மூன்று நண்பர்கள் புதிதாக ஒரு நகரத்துக்கு வந்து காதலைத் தேடி அலைகிறார்கள் என்பது கதை. புதுமையான கற்பனை என்று மூவரும் உறுதியாக நம்பினார்கள். நானும் அப்படித்தான் நம்பி உட்கார்ந்திருக்கிறேன் என்பதால் சிரிக்கும் தகுதி எனக்கில்லை.

அவள் மெட்டைத் தத்தகாரத்தில் கொடுப்பாள்: தானா தந்தானா, தானே தனதனா. அவன் அதற்குச் சொல் போடுவான். தொடக்கப் பாட்டு மூவரும் சேர்ந்து நகரத்தைப் பார்த்துப் பாடுவது:

நாங்க வந்தாச்சு, ஊரே வழிவிடு!
காதல் எந்தத் தெரு? கையக் காட்டிடு!

கடைசிப் பாட்டுக்கும் அதே மெட்டுதான். பாதி வேகத்தில் வரும். மாஸ்டரும் பல்லுக்காரியும் காதலர்களாக நடித்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துப் பாட வேண்டும்:

நாம வந்தாச்சு, கதவே திறந்துவிடு!
எந்த மாடி வந்தாலும் இறங்காம இருந்துவிடு!*

*இரண்டாவது வரி எனக்குப் பிடித்திருக்கிறது. நான் எழுதிய வரிதான் என்றாலும் பிடித்திருக்கிறது. முதல் வரியில் 'கதவே' கொஞ்சம் இடிக்கும். மெதுவாகப் பாடினால் சரியாகிவிடும் என்று லிஃப்ட்காரன் சொல்கிறான், அவன் தலையில் போட்டுவிடுகிறேன்.

தன் காதலைச் சொல்ல அவன் எழுதிய பாட்டை அவள் இன்னொருத்தனைப் பார்த்துப் பாடப் போகிறாள். இது அவனுக்குப் பாதி எழுதும்போதே தெரிந்துவிட்டது. ஆனால் பாடுவதற்குக் குரல் இருந்தது மாஸ்டருக்குத்தான், என்ன செய்ய?

5

ஒத்திகையில் பல்லுக்காரி ஒரு தப்பு செய்தாள். காதல் பாட்டில் "நாம" வர வேண்டிய இடத்தில் "நாங்க" என்று பாடினாள்.

முதல் தடவை எல்லாரும் சிரித்தார்கள். மெட்டு ஒன்றுதானே, தொடக்கப் பாட்டின் பழக்கத்தில் வாய் தவறியிருக்கும். இரண்டாம் தடவையும் நாங்க. அடுத்த விடுமுறை நாளிலும் நாங்க.

"என்னடா பெரிய வித்தியாசம்? ரெண்டும் ஒண்ணுதானே?" என்று மாஸ்டர் அலமாரிகள் அதிரக் கேட்டான்.

"ஒண்ணு இல்ல மாஸ்டர். நாமன்னா எதிர்ல நிக்கறவனும் சேத்தி. நாங்கன்னா அவன் வெளிய."

"அப்ப இவ என்ன வெளிய தள்றாளா?"

"ஆமா."

"தள்ளட்டும். நா நீந்திக்குவேன்."

லிஃப்ட்காரன் பெஞ்சில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். "ஏன் பல்லு, அந்த இடத்துல நாமன்னு வரமாட்டேங்குது?"

"எனக்கு வரல."

"தாளத்துல இடிக்குதா?"

"தாளத்துல கச்சிதமா உக்காருது."

"அப்ப மூச்சு பத்தலையா? முந்தின வரியிலயே எடுத்து வெச்சுக்கோ."

தலைகீழாகப் பதித்த பல்லைப் பார்ப்பதுபோல் அவள் அவனைப் பார்த்தாள். "மூச்செல்லாம் பத்துதுடா. மாஸ்டரப் பாத்துக்கிட்டு நாமன்னு பாட எனக்கு வரல."

அவன் தாடையைச் சொறிந்துகொண்டு ஆழமாக யோசித்தான். "அப்ப மாஸ்டரப் பாக்காதே. சுவத்தப் பாத்துப் பாடு."

(என் கதாநாயகன்மேல் எனக்குக் கொள்ளைப் பிரியம். ஆனாலும் இந்த இடத்தில் ஓங்கி ஒரு குட்டு வைக்கலாமா என்றிருந்தது. வைத்தால் அவனுக்குப் புரிந்துவிடும், கதை இங்கேயே முடிந்துவிடும், தம்பி கேட்ட நீளம் வராது. நீளத்துக்காக ஒருவனை முட்டாளாக வைத்திருக்கிறேன். இந்தத் தொழிலில் இதெல்லாம் சகஜம்.)

அன்றைக்கு எழுதி முடித்ததும் கண்ணாடி முன் நின்று நானே சொல்லிப் பார்த்தேன். நான், நாம, நாங்க. மூன்றுக்கும் வாய் ஒரே மாதிரிதான் திறக்கிறது. மூடும்போதுதான் எது என்று தெரிகிறது. இதைக் கண்டுபிடித்ததற்காக எனக்கு ஏதாவது விருது கிடைக்கும் என்று ஒரு மணி நேரம் நம்பிக்கொண்டிருந்தேன்.

6

அதற்குப் பிறகு லிஃப்ட்காரனின் காது கெட்டுப்போயிற்று. யார் எதைப் பேசினாலும் நாமவா நாங்கவா என்று அதை மட்டும் பொறுக்கியது. பல்லுக்காரி "டீ குடிக்கலாமா?" என்றால், குடிக்கலாமா என்பதற்குள் ஒரு நாம ஒளிந்திருக்கிறதே என்று பூரித்துப்போவான். டீ குடித்துக்கொண்டே "நாங்க நேத்து படம் பாத்தோம்" என்பாள். அவள் சித்தியோடுதான் போயிருப்பாள், அவளுக்கு இருப்பது சித்தி ஒருத்திதான். இருந்தாலும் அவனுக்கு டீ கசந்துவிடும்.

ஒருநாள் பட்டறைக் கட்டடத்தில் லிஃப்டைச் சோதித்துவிட்டு, இரண்டு டீயோடு அவள் மேஜைக்குப் போனான். இளஞ்சிவப்பு மெழுகில் பல் ஊன்றிக்கொண்டிருந்தாள்.

"நல்ல வேளை நீயே வந்தே. நாங்க ஊர் மாறறோம்."

டீ அவன் கையில் சிந்தியது. "நாங்கன்னா?"

"நாங்கன்னா நானும் சித்தியும், வேற யாரு? சித்திக்கு அங்க பெரிய ஆஸ்பத்திரி கிச்சன்ல பொறுப்பு குடுக்கறாங்க. பக்கத்துலயே பெரிய பல் லேப் இருக்காம், எனக்கும் சொல்லி வெச்சிருக்கா. நாடகம் முடிஞ்சதும் கெளம்பறோம்."

"போய்த்தான் ஆகணுமா?"

"போகாம இருக்க ஒரு காரணம் சொல்லு." ஊன்றிய பல்லை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "நெஜமாதான் கேக்கறேன். சொல்லு."

அவனுக்கு மனசு நிறையக் காரணம் இருந்தது. வாய்க்கு வந்ததென்னவோ தினமும் வருவதுதான்.

"பயப்படாதே பல்லு. நாம பாத்துக்கலாம்."

அவள் முகமூடியைக் கழற்றினாள்.

"எனக்கென்னடா பயம்? நா என்ன லிஃப்ட்லயா மாட்டிக்கிட்டிருக்கேன்? இந்த நாமவ நீ மாட்டிக்கிட்டவங்க எல்லார்கிட்டயும் சொல்றே. அன்னிக்கு எங்கிட்ட சொன்னே. போன வாரம் யாரோ ஒரு அம்மா முட்டைக் கூடையோட மாட்டிக்கிட்டு ஊரையே கூட்டிச்சுன்னு சொன்னியே, அதுகிட்டயும் இதத்தான் சொல்லியிருப்பே."

"சொன்னதுதான்."

"பாத்தியா? நாம, நாமங்கறியே, அந்த நாமவுல நீ எங்கடா இருக்கே? நானுன்னு நீ சொல்லி இது வரைக்கும் நா கேட்டதே இல்ல. மொதல்ல நீ வா. அப்புறம் நம்மளப் பத்திப் பேசலாம்."

மோட்டாரைப் போட்டுவிட்டாள். அந்தச் சத்தத்தில் அதற்குமேல் எதுவும் பேச முடியாது, அதற்காகத்தான் போட்டாள். இரண்டு டீயும் ஆறிப்போயின.

இந்த இடத்தில் நான் பேனாவை வைத்துவிட்டேன். அந்த முட்டைக் கூடை அம்மா நான்தான். அடுத்தவர் கதைக்குள் கூடையும் கையுமாக நுழைந்து, ஒரு காதலைக் கெடுத்துவிட்டு வந்திருக்கிறேன். ஊரையே கூட்டிய மாதிரி எனக்கு நினைவில்லை. ஆனால் அவள் சொன்னது சரிதானா என்று பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். சரிதான். இவ்வளவு பேசியிருக்கிறான், ஓர் இடத்தில்கூட அவன் வாயில் நான் இல்லை. (வேண்டுமானால் நீங்களும் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.) திட்டம் போட்டுத்தான் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசை. உண்மையில் அவன் எனக்கு அப்படித்தான் கேட்டான்.

7

[இந்தப் பகுதியைத் தம்பி கேட்டான் என்பதற்காக எழுதினேன். தாண்டிப் போனாலும் நஷ்டமில்லை.]

"இருவரும் ஒரே லிஃப்டில் ஏறினார்கள். இரண்டு மாடிகளுக்கு நடுவே அது நின்றது. இருட்டு. அவள் மூச்சு அவனுக்குக் கேட்டது. அவன் மெல்ல"

மெல்லச் சாவியை எடுத்துக் கதவைத் திறந்துவிட்டான். எழுதிக்கொண்டிருந்த நானே திகைத்துப்போனேன். ஆளைச் சேர்த்துவைக்க லிஃப்டை நிறுத்துவது எழுதுகிறவர்களின் பழைய வித்தை. ஆனால் லிஃப்ட் மெக்கானிக்கைக் கதாநாயகனாக வைத்துக்கொண்டு அதைச் செய்யலாமா? திறக்கத் தெரியாத மாதிரி நடிக்கச் சொல்லிப் பார்த்தேன். "அப்புறம் கம்பெனியில யாரு பதில் சொல்றது?" என்றான். அவனிடம் என்னால் வாதாட முடியவில்லை.

8

நாடகத்துக்கு ஒரு சின்ன அரங்கம் கிடைத்தது. சாயங்காலக் காட்சி. பிளாஸ்டிக் நாற்காலிகள் முக்கால்வாசி நிரம்பியிருந்தன. மாஸ்டரிடம் நீச்சல் கற்கும் குழந்தைகளின் பெற்றோர்கள், பட்டறையில் பல் கட்டிக்கொண்டு புதுச் சிரிப்போடு வந்தவர்கள், எங்கெங்கோ மாட்டிக்கொண்டு லிஃப்ட்காரனால் வெளியே வந்தவர்கள். முதல் வரிசையில் சித்தி. கடைசி வரிசையில் மடியில் காலிக் கூடையோடு ஓர் அம்மாள். (வரக் கூடாது என்றுதான் இருந்தேன். எழுதிவிட்டு வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை.)

திரையை ஏற்றி இறக்கும் மோட்டார் கடைசி நேரத்தில் உயிரை விட்டுவிட்டது. இருக்கவே இருக்கிறான் லிஃப்ட்காரன். மேடையோரம் நின்று, கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, முழுத் திரையையும் தானே பிடித்துக்கொண்டு நின்றான். விட்டால் விழுந்துவிடும், நாடகமும் முடிந்துவிடும்.

தொடக்கப் பாட்டுக்கே கைதட்டல். மாஸ்டர் ரகசியமாகச் சொல்ல வேண்டிய வசனத்தை அரங்கத்துக்கு வெளியே நின்றவர்களும் கேட்டார்கள், வயிறு வலிக்கச் சிரித்தார்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தவன் மட்டும் சிரிக்கவில்லை. கையெல்லாம் வலித்தது. அதைவிட, நாளை இந்நேரம் இவள் இந்த ஊரில் இருக்கமாட்டாள் என்பது வலித்தது. நாமவோ நாங்கவோ, அவள் பாடிவிட்டால் கேட்டுக்கொண்டு திரையை இறக்கிவிட வேண்டியதுதான் என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டான்.

காதல் பாட்டு வந்தது. ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து பின்னணி இசை மெதுவாக எழுந்தது. பல்லுக்காரி மாஸ்டரைப் பார்த்தபடி மூச்சை எடுத்தாள். அந்த இடம் வந்தது. அவள் பாடவில்லை. நாமவும் இல்லை, நாங்கவும் இல்லை. அந்தத் தானாவை அப்படியே காலியாக விட்டுவிட்டு "வந்தாச்சு" என்பதிலிருந்து தொடங்கினாள்.

"ஏய், நாம! நாம!" என்று மாஸ்டர் காதோடு எடுத்துக் கொடுத்தது கடைசி வரிசைவரை கேட்டது. ஜனம் கொல்லென்று சிரித்தது. அவளும் சிரித்துவிட்டாள். ஆனால் அவள் கண் சிரிக்கவில்லை.

வரி மறுபடி வர வேண்டும். சின்ன இடைவெளியில் இசை மட்டும் போய்க்கொண்டிருந்தது. அவள் மாஸ்டரை விட்டுவிட்டு மேடையோரம் நடந்தாள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவன் முன்னால் போய் நின்றாள். மைக்கை அவன் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"எனக்கு வரல. நீ பாடு." மைக்கில் விழுந்துவிட்டதால் அரங்கம் முழுக்கக் கேட்டது. சித்தி எழுந்து நின்றாள்.

9

இங்கே முடிவுகளுக்கு எனக்குத் தட்டுப்பாடே இல்லை.

தம்பியின் முடிவு: அவன் "நாம" என்று பாடுகிறான். குரல் உடைகிறது, ஜனம் அழுகிறது, சித்தி பெட்டியைப் பிரித்துத் துணிகளைப் பழையபடி அடுக்குகிறாள். தம்பி இதைப் போனில் நடித்துக் காட்டும்போதே அழுதுவிட்டான். எனக்கு அதில் ஒரு சந்தேகம்தான். அவன் தினமும் சொல்கிற சொல்லையே இன்னொரு தடவை சொன்னால் அவள் எதற்காகத் தங்க வேண்டும்?

சித்தியின் முடிவு: அவன் "நாங்க" என்று பாடிவிடுகிறான். பதற்றத்தில் தொடக்கப் பாட்டு வாயில் வந்துவிடுகிறது. அவள் தலையாட்டிவிட்டு மைக்கை எடுத்துக்கொண்டு போகிறாள். பெரிய லேபில் பீங்கான் பல் செய்து பேர் வாங்குகிறாள், நன்றாகவே இருக்கிறாள். இது நடக்காது என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? வாய் தவறுவது யாருக்கும் நேரும்.

மாஸ்டரின் முடிவு: "கயித்த எங்கிட்ட குடுடா, நா புடிச்சுக்கறேன்!" என்று கத்துகிறான். இதை மட்டும் நான் எடுத்துக்கொண்டுவிட்டேன். காதல் விஷயத்தில் அவன் செய்த ஒரே உருப்படியான காரியம் இதுதான், அதை ஏன் அவனுக்கு மறுக்க வேண்டும்? ஆக, கயிறு இப்போது மாஸ்டர் கையில். லிஃப்ட்காரன் கையில் ஒன்றுமில்லை. கயிற்றுத் தடம் சிவந்த இரண்டு உள்ளங்கைகள் மட்டும். நடுவில் கதவு இல்லை, இருட்டு இல்லை, மாட்டிக்கொண்டவர் யாரும் இல்லை. மாட்டிக்கொண்டது அவன்தான். அவளோ அரை அடி தள்ளி வெளிச்சத்தில் நின்று காத்துக்கொண்டிருக்கிறாள்.

என் முடிவு என்ன என்று கேட்கிறீர்கள். கதை இரண்டு மாடிகளுக்கு நடுவே நிற்கிறது என்பது எனக்கும் தெரிகிறது. எழுதியவள் என்ற சலுகையில் நான் முன்னாடியே இறங்கிவிட்டேன், கூடை பத்திரம். உள்ளே இருப்பது நீங்கள்தான். பயப்படாதீர்கள். நாம் இப்போது வெளியே வந்துவிடுவோம்.

அவன் வாயைத் திறக்கும்வரைதான் என் வேலை. மூடிவைப்பதை உங்களிடம் விட்டுவிடுகிறேன். பின்னணி இசை யாருக்காகவும் நிற்பதில்லை. தனதனா முடிந்து, அந்தத் தானா வந்துவிட்டது. மாஸ்டர் முதல்முறையாகச் சத்தம் போடாமல் நிற்கிறான். பல்லுக்காரி மைக்கை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுபோகிறாள். லிஃப்ட்காரன் அவளைப் பார்க்கிறான். எண்ணெய் போடாத அந்தக் குரலில்,

"நா